குரல் மாறும்போது கை தடுமாறும்: திரைவாசிப்பான் கேள்வி பதில்

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதி நிறுத்தியதிலிருந்து எனக்கு வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே வகைதான்: "மாறலாமா, எதற்கு மாறலாம், மாறினால் கை பழகுமா?" பார்வை உள்ளவர்களுக்கு இயங்குதளம் மாறுவது வீட்டுக்கு வெள்ளையடித்த மாதிரி. நமக்கோ வாசற்படியே இடம் மாறிவிடுகிறது.

என்னைப் பற்றி இரண்டு வரி. பிறவியிலேயே பார்வை கிடையாது, பள்ளியில் கணினி சொல்லித்தருகிறேன். கணினித் திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருள்தான் திரைவாசிப்பான். விண்டோஸில் காசு கொடுத்து வாங்கும் ஜாஸ், இலவச என்விடிஏ, மேக்கில் வாய்ஸ்ஓவர், லினக்ஸில் ஓர்கா என்று நான்கிலும் முட்டி மோதி எழுந்திருக்கிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

கேள்வி (வங்கி ஊழியர், திருச்சி): டீச்சர், பன்னிரண்டு வருஷமா ஜாஸ்தான். என் வீட்டு லேப்டாப் விண்டோஸ் 11-க்குப் போகாதுன்னு சொல்லிட்டாங்க. நண்பர் ஒருத்தர் "லினக்ஸ் போட்டுடு, எல்லாம் இலவசம்"ங்கிறார். போட்டுடலாமா?

சார், கேட்டுவிட்டுச் செய்ய நினைத்தீர்களே, அதற்கே நன்றி. ஜாஸ் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். லினக்ஸ் போட்ட அன்றே உங்கள் இயங்குதளம், திரைவாசிப்பான், குரல், குறுக்குவிசைகள் எல்லாம் சேர்ந்து போகும். ஏதாவது வேலை செய்யாதபோது தப்பு எதன் மேல் என்று கண்டுபிடிக்கவே முடியாது. இயங்குதளத்தையும் திரைவாசிப்பானையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். நான் எல்லோருக்கும் தலையில் குட்டிச் சொல்வது இது ஒன்றைத்தான்.

சொந்த அனுபவம் ஒன்று. முன்பு நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாக் கணினிகளிலும் புதிதாக ஏதோ போட்டுவிட்டுப் போனார்கள். என்னிடம் யாரும் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலை பட்டனை அழுத்தினேன். விசிறி சுற்றுகிறது, பேச்சு இல்லை. ஆறு வருடமாக அதே மேசையில் உட்கார்ந்தவள், அன்று பதினொன்றரை மணி வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வேலை தெரியாதவளைப் போல ஆக்கிவிட்டார்களே என்ற ஆத்திரம் இன்னும் போகவில்லை.

உங்களுக்கு அவசரம் இல்லை. விண்டோஸ் 10-க்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மட்டும் 2026 அக்டோபர் வரை நீட்டித்துக்கொள்ளும் வழியை மைக்ரோசாஃப்டே வைத்திருக்கிறது. அந்த அவகாசத்தில் இருக்கும் விண்டோஸிலேயே என்விடிஏ பழகுங்கள். நிறுவக்கூட வேண்டாம், பென் டிரைவில் வைத்தே ஓட்டலாம். ஜாஸ் அதன் இடத்தில் இருக்கட்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் பேசவிடாதீர்கள், அவ்வளவுதான். கை பழகிய பிறகு, லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவைப் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள், வன்தட்டில் எதையும் அழிக்காமல். பிடித்தால் போடுங்கள். பிடிக்காவிட்டால் பென் டிரைவைப் பிடுங்கிவிட்டால் கதை முடிந்தது.

கேள்வி (அதே வங்கி ஊழியர்): என்விடிஏ திறந்தேன் டீச்சர். ரெண்டு மணி நேரத்துல வெறுத்துப்போச்சு. இன்சர்ட் எஃப்6 அடிச்சா தலைப்புப் பட்டியல் வரல. ஜாஸ் கர்சரையும் காணோம்.

இரண்டு மணி நேரத்தில் வெறுக்காவிட்டால்தான் நான் ஆச்சரியப்பட்டிருப்பேன்!

நல்ல செய்தி, பாதிக்கு மேல் ஒன்றுதான். இன்சர்ட்டும் கீழ் அம்பும் சேர்த்தால் தொடர்ந்து படிக்கும், இன்சர்ட்டும் டியும் (T) சேர்த்தால் சாளரத்தின் தலைப்பைச் சொல்லும். வலைப்பக்கத்தில் எச் அடித்தால் தலைப்பு, டி (T) அடித்தால் அட்டவணை. இவை எல்லாம் ஜாஸில் இருந்தபடியே. மாறுவது இவை: பட்டியல் வேண்டுமானால் இன்சர்ட் எஃப்7. ஜாஸில் அது இணைப்புகளை மட்டும் காட்டும். இங்கே இணைப்பு, தலைப்பு, பொத்தான் எல்லாம் ஒரே சாளரத்தில் வரும், எது வேண்டுமோ தேர்ந்துகொள்ளலாம். படிவத்துக்குள்ளே போகவும் வெளியே வரவும் ஜாஸில் இன்சர்ட் இசட் அடித்துப் பழகியிருப்பீர்கள். இங்கே இன்சர்ட்டும் ஸ்பேஸ் பாரும்.

ஜாஸ் கர்சர் கதை வேறு. அது திரையை ஒரு தாளாக நினைத்து மேலும் கீழும் நகரும். என்விடிஏ திரையை ஒரு குடும்ப மரமாகப் பார்க்கிறது. சாளரம் தாய், அதற்குள் பட்டியல் பிள்ளை, அதற்குள் வரிகள் பேரப்பிள்ளைகள். எண்பலகையில் இன்சர்ட்டுடன் 8 அடித்தால் தாயிடம் போகும், 2 அடித்தால் முதல் பிள்ளையிடம், 4-ம் 6-ம் உடன்பிறந்தவர்களிடம். இதை ஒரு வாரம் கணக்குப்பொறியில் மட்டும் செய்து பாருங்கள். அதில் எது எங்கே இருக்கும் என்று முன்பே தெரியும், அதனால் வழி தவறினாலும் தெரிந்துவிடும்.

இன்னொன்று. எந்தத் திரைவாசிப்பானுக்குப் போனாலும் முதலில் கற்க வேண்டியது விசைப்பலகை உதவி. ஜாஸிலும் என்விடிஏவிலும் இன்சர்ட் 1. ஓர்காவில் ஓர்கா விசையுடன் (வழக்கமாக இன்சர்ட் அல்லது கேப்ஸ் லாக்) எச். மேக்கில் கன்ட்ரோல், ஆப்ஷன், கே. அதை அடித்த பிறகு எந்த விசையைத் தொட்டாலும் அது என்ன செய்யும் என்று வாயால் சொல்லும், செய்யாது. எதுவும் கெட்டுப்போகுமோ என்ற பயமில்லாமல் விரலை ஓட்டலாம்.

கேள்வி (ஓய்வுபெற்ற பேராசிரியர், கோவை): இலவசமாகக் கிடைப்பதை இப்படித் தூக்கிப்பிடிக்கிறீர்களே அம்மா. ஜாஸுக்கு ஈடாகுமா?

ஐயா, ஜாஸை நான் குறைத்துச் சொல்லவில்லை. 1989-இல் டாஸ் காலத்தில், பார்வை இழந்த டெட் ஹென்டர் என்பவர் தொடங்கி வைத்தது அது. பழைய அலுவலக மென்பொருள்களுக்காக யாராவது உட்கார்ந்து எழுதிய ஜாஸ் ஸ்கிரிப்ட்டுகள் (அந்த மென்பொருளை ஜாஸ் படிக்க உதவும் சிறு நிரல்கள்) உங்கள் வேலையில் இருந்தால், கட்டாயம் ஜாஸிலேயே இருங்கள். பெரிய எக்செல் அட்டவணைகளில் நானும் இன்னும் அதைத்தான் திறக்கிறேன். ஆனால் இலவசம் என்றால் யாரோ பொழுதுபோக்குக்குச் செய்தது என்று நினைக்க வேண்டாம். என்விடிஏவை 2006-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய மைக்கேல் கரனும், பின்னால் சேர்ந்த ஜேம்ஸ் டேவும் பார்வையற்றவர்கள்தான். எங்கே இடிக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

பூட்டு உடைத்த ஜாஸ் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. காசு கட்டாத ஜாஸ் நாற்பது நிமிடம் ஓடும், பிறகு கணினியை மறுபடி தொடங்கவேண்டும். அந்தத் தொல்லைக்காக எங்கிருந்தோ வந்த கிராக்கைப் போட்டு வைரஸ் வாங்குவதைவிட என்விடிஏ எவ்வளவோ மேல்.

கேள்வி (இல்லத்தரசி, சென்னை): அக்கா, மகன் அமெரிக்காவிலிருந்து மேக்புக் வாங்கிட்டு வந்துட்டான். அவன் ஆசையா கொடுத்தது, வேண்டாம்னு சொல்ல மனசு வரல. ஆனா ஒரு பட்டியலுக்குள்ள போனா ஒண்ணுமே படிக்க மாட்டேங்குது. எண்டர் அடிச்சா ஃபைல் திறக்காம பேரை மாத்தச் சொல்லுது!

சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். அந்த எண்டர் விஷயத்தில் என் ஒரு கோப்புக்கு "ககககக" என்று பெயர் இருந்தது, ஒரு மாதம்.

மேக்கில் எண்டர் என்றால் பெயர் மாற்று. திறக்க, கமாண்டும் கீழ் அம்பும். கமாண்ட் டபிள்யூ அடித்தால் சாளரம்தான் மூடும், செயலி உள்ளே ஓடிக்கொண்டே இருக்கும். முழுதாக மூட கமாண்ட் க்யூ.

இப்போது பட்டியல். விண்டோஸில் எல்லாவற்றையும் தட்டில் பரப்பி வைத்திருப்பார்கள், அம்பு விசையால் தடவிக்கொண்டே போகலாம். மேக் நம் அஞ்சறைப் பெட்டி மாதிரி. வாய்ஸ்ஓவர் "அட்டவணை" என்று சொன்னால் பெட்டியைக் கையில் கொடுத்துவிட்டது என்று பொருள். மூடியைத் திறப்பது உங்கள் வேலை. கன்ட்ரோல், ஆப்ஷன், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு கீழ் அம்பு அடித்தால் உள்ளே போவீர்கள். அதே மூன்றுடன் மேல் அம்பு அடித்தால் வெளியே. உள்ளே போனதை மறந்துவிட்டு "மற்றதெல்லாம் எங்கே போச்சு" என்று தேடுவதுதான் எல்லோரும் முதல் மாதம் செய்யும் தப்பு. இத்தனை விசையைப் பிடிக்க விரல் போதவில்லை என்றால், கன்ட்ரோல் ஆப்ஷனுக்குப் பதில் கேப்ஸ் லாக்கை வைத்துக்கொள்ளலாம். கன்ட்ரோல், ஆப்ஷன், எஃப்8 அடித்தால் வரும் வாய்ஸ்ஓவர் யூட்டிலிட்டியில் அது இருக்கிறது.

அங்கேயே இன்னொன்றையும் மாற்றுங்கள். எழுதும்போது வலது அம்பு அடித்தால், விண்டோஸில் கர்சருக்கு வலப்பக்கம் இருக்கும் எழுத்தைச் சொல்லும். மேக், தாண்டிப்போன எழுத்தைச் சொல்லும். இது தெரியாமல் ஒரு கடிதம் முழுக்கத் தப்பான எழுத்துகளையே அழித்துக்கொண்டிருந்தேன். வலப்பக்க எழுத்தைச் சொல்லவைக்கும் தேர்வு அந்த யூட்டிலிட்டியில் உண்டு.

பழைய குரல் வேண்டும் என்று ஏங்குகிறீர்களா? ஜாஸில் ஆண்டுக்கணக்கில் கேட்ட எலோக்வன்ஸ் குரல், 2022-இல் வந்த வென்ச்சுரா என்ற பதிப்பிலிருந்து மேக்கிலேயே இருக்கிறது. அதைப் போட்ட அன்றுதான் எனக்கு அந்த இயந்திரம் என்னுடையதாக ஆனது. குரல் பழகியதாக இருந்தால் பாதிப் பயம் போய்விடும். வாய்ஸ்ஓவரைக் குறை சொல்பவர்கள் பலர் அதைப் பழகும் முன்பே அதன் புதுக் குரலைத்தான் வெறுத்திருப்பார்கள்.

கேள்வி (யாழ்ப்பாணம்): அக்கா, பழைய லப்டொப்பில உபுண்டு போட்டனான். உள்ள போனாப் பிறகு ஓர்கா நல்லாக் கதைக்குது. ஆனா லொகின் பண்ணுற இடத்தில ஒரு சத்தமும் வாறேல்லை. போன கிழமை அப்டேட் போட்டாப் பிறகு உள்ளயும் கதை நிண்டுட்டுது. ஒவ்வொருக்காவும் தம்பியைக் கூப்பிட வேண்டிக்கிடக்கு.

தங்கச்சி, முதலில் உள்நுழைவுத் திரை. அது உங்கள் கணக்கைச் சேர்ந்தது இல்லை, தனி ஆள். உள்ளே நீங்கள் ஓர்காவை இயக்கி வைத்தது அதற்குத் தெரியாது. அந்தத் திரையில் இருக்கும்போதே ஆல்ட், சூப்பர், எஸ் மூன்றையும் சேர்த்து அடியுங்கள். சூப்பர் என்பது விண்டோஸ் படம் போட்ட விசை. அதுவும் பேசாவிட்டால், கணினியில் உங்கள் கணக்கு ஒன்றுதான் என்றால், எண்டர் அடித்து, ஒரு நொடி விட்டு, கடவுச்சொல்லை அடித்து மறுபடி எண்டர். கண் தெரிந்தவர்களும் அந்த இடத்தில் புள்ளிகளைத்தான் பார்க்கிறார்கள்.

அடுத்து, அப்டேட் ஆன பிறகு வந்த மௌனம். பேசாததற்குக் காரணம் ஒலியா, ஓர்காவா என்று முதலில் பிரியுங்கள். ஒலியளவு விசையைத் தட்டினால் "டொப்" என்று ஒரு சத்தம் வரும். வந்தால் ஒலி நன்றாக இருக்கிறது, ஓர்காதான் மயங்கிவிட்டது. ஆல்ட் எஃப்2 அடித்து, ஓர்கா என்று ஆங்கிலத்தில் எழுதி, ஓர் இடைவெளி, இரண்டு சிறு கோடு, ரீப்ளேஸ் என்று எழுதி (orca --replace) எண்டர் அடியுங்கள். பெரும்பாலும் எழுந்துவிடும். "டொப்" வரவில்லை என்றால், ஒலி எச்டிஎம்ஐ வழியாக வேறெங்கோ போகிறதா என்று தம்பியை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

அவர் உட்கார்ந்திருக்கும்போதே, வேறு கருவியிலிருந்து இந்தக் கணினிக்குள் நுழைய வழிவிடும் எஸ்எஸ்எச் சேவையகத்தையும் நிறுவச் சொல்லிவிடுங்கள். அடுத்த தடவை கணினி ஊமையானால், பேசும் உங்கள் கைபேசியிலிருந்தே உள்ளே புகுந்து சரிசெய்யலாம். லினக்ஸ் வைத்திருக்கும் பார்வையற்றவர்கள் இதைப் பின்கதவுச் சாவியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

கேப்ஸ் லாக்கை ஓர்கா விசையாக வைத்திருந்து அது வேலண்டில் (லினக்ஸில் திரையைக் காட்டும் புதிய அமைப்பு) வேலை செய்யாமல் அவதிப்பட்டிருந்தால், உபுண்டுவின் திரைமுகப்பான க்னோமில், 2025 மார்ச்சில் வந்த 48-ஆம் பதிப்பில் அதைச் சரிசெய்துவிட்டார்கள்.

கேள்வி (கல்லூரி மாணவர், மதுரை): இஸ்பீக் தமிழ்க் குரல் தகர டப்பா மாதிரி இருக்குக்கா. வள்ளுவர் குரல் நல்லா இருக்கு, ஆனா வேகம் வெச்சா இழுக்குது. எதை வெச்சுக்கிறது? அப்புறம் சில தமிழ் ஃபைல் எதுலயுமே படிக்க மாட்டேங்குது.

தம்பி, இரண்டையும். கதை படிக்க விண்டோஸில் வரும் வள்ளுவர், எழுதித் திருத்த இஸ்பீக். தகர டப்பாதான், ஆனால் விசையைத் தொட்டதும் பேசும். திருத்தும்போது எனக்கு அந்த வேகம்தான் முக்கியம். மேக் பக்கம் போனால் வாணி என்று ஒரு தமிழ்க் குரல் இருக்கிறது.

படிக்காத கோப்பு பெரும்பாலும் பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்ததாக இருக்கும். கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு அது ஆங்கில எழுத்துக் குவியல். எந்தத் திரைவாசிப்பானுக்கு மாறினாலும் தீராது. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துமுறையான யூனிகோடுக்கு மாற்றித்தான் ஆகவேண்டும். அனுப்பியவரிடமே யூனிகோடில் கேளுங்கள், வெட்கப்படாதீர்கள்.

ஒரு குறுக்குவழி. காதில் ந, ன, ண குழம்பும் இல்லையா? கொம்பும் காலும் ஏறாத எழுத்தில் கர்சரை வைத்து, என்விடிஏவில் எண்பலகை 2-ஐ மூன்று தடவை வேகமாகத் தட்டினால் அந்த எழுத்தின் யூனிகோடு எண்ணைச் சொல்லும். ண 2979, ந 2984, ன 2985. எனக்கு மனப்பாடமே ஆகிவிட்டது.

கேள்வி (எட்டாம் வகுப்பு மாணவியின் அப்பா, தருமபுரி): மேடம், பாப்பாவுக்கு முதல் கணினி. எது வாங்கலாம்?

விண்டோஸ் 11 ஓடும் சாதாரண லேப்டாப், அதில் என்விடிஏ. இன்சர்ட் விசை தனியாக இருக்கிறதா என்று கடையிலேயே தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். பாப்பாவையே கூட்டிப்போங்கள்.

கேள்வி (அலுவலகக் கணினிப் பிரிவு, பார்வை உள்ளவர்): எங்கள் பிரிவில் ஒரு பார்வையற்ற சகோதரர் இருக்கிறார். அடுத்த மாதம் எல்லாக் கணினிகளையும் மாற்றப்போகிறோம். நாங்கள் என்ன செய்யவேண்டும்?

நீங்கள் கேட்ட இந்தக் கேள்வியை அன்று ஒருவர் என்னிடம் கேட்டிருந்தால் அந்தத் திங்கட்கிழமை எனக்கு வந்திருக்காது.

அவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். அவருடைய கணினியைக் கடைசியாக மாற்றுங்கள், பழையதை ஒரு மாதம் பக்கத்திலேயே விட்டுவையுங்கள். அவருடைய திரைவாசிப்பானின் அமைப்புகளையும் அவர் சேர்த்து வைத்த உச்சரிப்பு அகராதியையும் நகல் எடுக்காமல் எதையும் அழிக்காதீர்கள். புதிய கணினியில் விண்டோஸ் நிறுவும் திரையிலேயே விண்டோஸ், கன்ட்ரோல், எண்டர் அடித்தால் விண்டோஸுடனேயே வரும் திரைவாசிப்பானான நரேட்டர் பேசும், அதனால் அவரே உட்கார்ந்து நிறுவிக்கொள்ளவும் முடியும். அதற்கு முன்னால் வரும் பயாஸ் (கணினியின் தொடக்க அமைப்புத் திரை) மட்டும் பேசாது. அந்த இடத்தில் நீங்கள் பக்கத்தில் நின்று திரையில் இருப்பதைப் படித்துச் சொன்னால் போதும். மௌஸை மட்டும் அவர் கையிலிருந்து வாங்காதீர்கள்.