கேமுக்குள்ள காசு கேக்கிறது நியாயமோ? றீலோட் விக்கிற ஒருத்தன்ர மறுமொழி

கேள்வி: "வீடியோ கேம்களில மைக்ரோட்ரான்சாக்சன் (கேமுக்குள்ள சின்னச் சின்னதாக் காசு வாங்கிறது) வைக்கிறது நியாயமா? இல்லையெண்டா கேம் செய்யிற ஆக்களுக்கு வேற எப்பிடிக் காசு வரும்?"

நீங்கள் கேட்ட விதத்தைப் பாத்தா உங்கட வீட்டில ஆரோ ஒரு பெடியன் பாங்க் கார்ட்டில இருந்து காசை இழுத்துப்போட்டான், நீங்கள் பேசப் போக அவன் "கேம் செய்யிறவனும் சாப்பிட வேணாமோ" எண்டு திருப்பிக் கேட்டிருக்கிறான், என்ன சொல்லுறதெண்டு தெரியாம இஞ்ச வந்திருக்கிறியள் போல. அப்பிடி இல்லாட்டி குறை நினைக்காதேங்கோ. என்னட்ட இந்தக் கேள்வியோட வாற தாய் தேப்பன் கனபேர் இப்பிடித்தான் வருவினம்.

நான் யாழ்ப்பாணத்தில கோண்டாவில் பக்கம் ஒரு கொமினிக்கேசன் கடை வைச்சிருக்கிறன். போட்டோக் கொப்பி, றீலோட் (போனுக்குக் காசு போடுறது), கரண்ட் பில், தண்ணி பில், பாஸ்போட் படம், இவ்வளவும்தான் தொழில். பள்ளிக்கூடம் கிட்ட, ரியூசன் அதைவிடக் கிட்ட. அதால கேமுக்குப் போற காசு எந்தக் கையில இருந்து எப்பிடிப் போகுதெண்டு மேசைக்கு இஞ்சால இருந்து பாக்கிற ஆள் நான்.

கேம் எண்டா என்னெண்டே தெரியாத ஆள் வந்து புத்தி சொல்லுது எண்டு கீழ சிலபேர் எழுதுவினம், முதலே சொல்லிப்போடுறன், நானும் விளையாடுறவன்தான். 2002ல ஏ9 பாதை திறந்த பிறகு கொழும்பில இருந்து கொம்பியூட்டரும் கொப்பி சீடியும் வந்து இறங்கின காலத்துப் பெடியன் நான், அப்ப ஒறிஜினல் வாங்கிறதுக்கு இஞ்ச கடையும் இல்லை, கட்டுறதுக்கு எங்கட கையில கார்ட்டும் இல்லை. இப்ப விளையாடுறதெல்லாம் காசு குடுத்து வாங்கினது. ஸ்டார்டியூ வாலி எண்டு ஒரு தோட்டம் செய்யிற கேம், எரிக் பரோன் எண்ட ஒரே ஆள் வருசக் கணக்காத் தனிய இருந்து செய்து 2016ல விட்டவர். ஒருக்காக் காசு குடுத்தாச் சரி. 2024ல பெரிய அப்டேட் ஒண்டு வந்தது, அதுக்கும் சதம் கேக்கேல்லை. 4 கோடிப் பிரதிக்கு மேல வித்திருக்கு. வேற வழியில்லை, ஸ்பின், அதாவது காசு குடுத்துச் சுத்திற சக்கரம், வைச்சாத்தான் கேம்காரன் பிழைக்கலாம் எண்டு சொல்லுறவைக்கு இதை ஞாபகப்படுத்துறன்.

இப்ப உங்கட கேள்விக்கு வாறன். கேம் செய்யிறவன் காசு கேக்கிறது நியாயம், கட்டாயம் கேக்கோணும். ஆனா சாமானுக்கு என்ன விலை எண்டு எங்கட ரூபாவிலயோ டொலரிலயோ முன்னுக்குச் சொல்லிப்போட்டுக் கேக்கோணும், குடுக்கிற காசுக்கு என்ன கைக்கு வருமெண்டு குடுக்கிறவனுக்குத் தெரியோணும். நான் பிழை எண்டு சொல்லுறது ரெண்டு விசயத்தை. ஒண்டு, காசை வைரமா, கொயினா மாத்தி விலையை மறைக்கிறது. மற்றது, சாமானை விக்காம அது கிடைக்கிற சான்ஸை விக்கிறது. இந்த ரெண்டும் சேந்து பள்ளிக்கூடப் பிள்ளையின்ர கையில போய் நிக்கேக்க நான் வாயை மூடிக்கொண்டு இருக்க மாட்டன்.

ஒரு பெடியன்ர கதையைச் சொல்லுறன். எந்த வீடு, எந்தக் கேம் எண்டெல்லாம் கேக்காதேங்கோ. எட்டாம் ஆண்டு படிக்கிறவன், புலமைப்பரிசில் பாஸ் பண்ணினவன், கணக்கில நல்ல சுழியன். கொஞ்ச நாளா 200, 500 எண்டு றீலோட் போட்டுக்கொண்டு திரிஞ்சவன் ஒருநாள் பள்ளிக்கூட உடுப்போடயே வந்து ஐயாயிரம் ரூபாத் தாளை நீட்டி "அங்கிள், முழுக்கப் போடுங்கோ" எண்டான்.

"ஆற்ற காசு தம்பி?"

"அம்மம்மா தந்தவ. டேற்றாவுக்கு."

ஐயாயிரத்துக்கு என்ன டேற்றா? நான் கதிரையை இழுத்துப் போட்டு இருத்திப்போட்டு, போனை ஒருக்காக் காட்டப்பு எண்டன். மறைக்கேல்லை, காட்டினான். உள்ளுக்க ஒரு சக்கரம் சுத்துது, அதில ஒரு துவக்குக்குப் போடுற பெயின்ற் இருக்கு, அது விழுந்தா பெரிய ஆள், விழாட்டித் திருப்பிச் சுத்தோணும். போன் மிச்சத்தில இருந்தே காசு கழியும், வங்கி கார்ட் ஒண்டும் தேவையில்லை, அதாலதான் பெடியள் றீலோட் கடைக்கு வாறாங்கள்.

"சரி, இந்தத் துவக்கு என்ன விலை?" எண்டு கேட்டன்.

"விலை இல்லை அங்கிள், வந்தா வரும்."

"ஒருக்காச் சுத்த எவ்வளவு?"

அதுக்கு வைரத்தில கணக்குச் சொன்னான். ரூபாவில எவ்வளவு எண்டு கேட்டா யோசிக்கிறான். புலமைப்பரிசில்ல கணக்குப் போட்டு வெண்ட பிள்ளைக்கு, தான் குடுக்கிற காசு எவ்வளவு எண்டு சொல்லத் தெரியேல்லை எண்டா அது பிள்ளையின்ர மண்டைப் பிழை இல்லை, தெரியக் கூடாதெண்டு இருந்து யோசிச்சுச் செய்த வேலை. ஒரு சாமான் 1200 வைரம் எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ, வைரப் பக்கற் 1000ஆயும் 2000ஆயும்தான் விப்பாங்கள். 2000 வாங்கினா 800 மிஞ்சும், அந்த 800ஐ வீணாக்கக் கூடாதெண்டு திருப்பிக் காசு போடுவாய். என்ர கடையில கொப்பி ஒரு பக்கம் எவ்வளவெண்டு சுவரில பெரிசா எழுதி ஒட்டியிருக்கிறன், அதைவிடக் கூட ஒரு ரூபா எடுத்தாலே ஆக்கள் சண்டைக்கு வருவினம்.

பிறகு அவனோட இருந்து கழிஞ்ச காசு மெசேச் எல்லாம் பாத்து ஒரு பேப்பரில கூட்டினம். நாப்பதாயிரம் ரூபாவுக்குக் கிட்ட வந்தது. கூட்டினதும் அவன்தான், நான் பேனையைத்தான் குடுத்தனான். அந்தத் துவக்குப் பெயின்ற் அதுவரைக்கும் விழேல்லை.

கடையைச் சாத்திப்போட்டு அவனைக் கூட்டிக்கொண்டு வீட்டை போனன். தாய் பிரான்ஸில, காசு அனுப்புறா, அம்மம்மாதான் பாக்கிறா. நான் மெல்லமா விளங்கப்படுத்த வெளிக்கிட்டன், துவக்கு எண்ட சொல்லு வாயில வந்ததும் மனுசி பதறி எழும்பிட்டா. "என்ன துவக்கு தம்பி? எங்க வைச்சிருக்கிறான்?" எண்டு அவன்ர அறைப் பக்கம் போகப் பாத்தா. இஞ்ச இருந்து சண்டை எல்லாத்தையும் கண்டவ, அவவுக்கு அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். அது போனுக்குள்ள இருக்கிற படம் அம்மா எண்டு சொல்லி ஆறுதல்படுத்த எனக்குக் கனநேரம் எடுத்தது. படத்துக்கோ இவ்வளவு காசு எண்டு கேட்டா. அந்தப் படமும் கிடைக்கேல்லை எண்டு எனக்குச் சொல்ல மனம் வரேல்லை, பெடியன்தான் சொன்னவன்.

அதுக்குப் பிறகு கடையில ஒரு சட்டம் வைச்சிருக்கிறன், யூனிபோமோட வாற பிள்ளைக்குச் சின்ன றீலோட்டுக்கு மேல போடமாட்டன், வீட்டுக்கு ஒரு கோல் எடுத்துக் கதைச்சாத்தான் போடுவன். இதால வாற வியாபாரம் குறைஞ்சது, அது எனக்குத் தெரியும். நீ என்ன பொலிஸோ எண்டு கேட்டவையும் இருக்கினம், நீ போடாட்டி அடுத்த கடையில போடுவாங்கள் எண்டு சொன்னவையும் இருக்கினம். போடட்டும். 2006ல வந்த சட்டப்படி 21 வயசுக்குக் குறைஞ்ச ஆளுக்கு நான் சிகரட் விக்கேலாது, அடுத்த கடையில குடுக்கிறாங்கள் எண்டு நானும் குடுக்கலாமோ? 13 வயசுப் பிள்ளைக்குச் சக்கரம் சுத்த விடுறதுக்கு அப்பிடி ஒரு போட் எந்தக் கடையிலயும் தொங்கேல்லை.

இதை எங்கட ஊர்ப் பிரச்சினை எண்டு நினைக்காதேங்கோ. 2012லயே ஜப்பான்காரன் ஒரு வகைக் காச்சாவை நிப்பாட்டினவன், அதாவது சான்ஸில விழுற சாமான் எல்லாத்தையும் சேத்து முழுச் செட்டாக்கினாத்தான் பெரிய பரிசு எண்ட வகை. 2018ல பெல்ஜியம் காசு குடுத்துத் திறக்கிற லூட் பொக்ஸ், அதாவது உள்ளுக்க என்ன இருக்கெண்டு தெரியாத பெட்டி, சூது எண்டே சொல்லிப்போட்டுது. 2022 டிசம்பரில அமெரிக்காவின்ர எப்டிசி எண்ட வாடிக்கையாளரைப் பாதுகாக்கிற அரச அமைப்பு, போர்ட்நைட் எண்ட கேம் செய்யிற எபிக் கேம்ஸிட்ட இருந்து ஆக்களுக்குத் திருப்பிக் குடுக்கச் சொல்லி 24.5 கோடி டொலர் வாங்கினது, பட்டனை வைச்ச விதத்தில தெரியாமலே வாங்குப்பட்டுப் போகுது, பிள்ளையள் தாய் தேப்பனுக்குத் தெரியாம வாங்கக்கூடியதா இருக்கு எண்டுதான் குற்றச்சாட்டு. 2025 ஜனவரியில அதே எப்டிசி கென்ஷின் இம்பாக்ட் எண்ட கேமின்ர ஆக்களுக்கு 2 கோடி டொலர் கட்டச் சொல்லி, 16 வயசுக்குக் குறைஞ்ச பிள்ளைக்குத் தாய் தேப்பன் சம்மதம் இல்லாம லூட் பொக்ஸ் விக்கக் கூடாதெண்டும் முடிவெடுத்தது. ஆக, அங்கத்தப் பிள்ளையளுக்குக் கேக்கிறதுக்கு ஆள் இருக்கு. இஞ்ச கோண்டாவிலில ஒரு அம்மம்மா ஆரிட்டப் போய்க் கேக்கிறது?

இன்னொண்டும் இருக்கு. விலை எல்லாம் டொலர்ல. 2022ல மார்ச் தொடக்கத்தில 200 ரூபா அளவில நிண்ட டொலர் மே மாசம் 360க்குப் போனது, லைனில நிண்டு காஸ் எடுத்த காலம். வைரத்தின்ர எண்ணிக்கை மாறேல்லை, படம் மாறேல்லை, எங்கட பக்கம் ரூபாதான் ஒண்டரை மடங்குக்கு மேல கூடப் போனது. பிள்ளைக்கு வைரம்தானே கண்ணுக்குத் தெரியுது, அது விளங்குமோ?

பிள்ளையளைத் திட்டுறதுக்கு முந்தி ஒரு விசயம், கேள்விக்கு வெளியில எண்டாலும் சொல்லாமல் விடேலாது. போனால யாழ்ப்பாணத்துப் பெடியள் கெட்டுப்போட்டாங்கள் எண்டு சொல்லுற ஆக்கள், அந்தப் பெடியனுக்கு ஒரு நாளில விளையாட எத்தினை மணித்தியாலம் விட்டனியள்? விடிய அஞ்சரைக்கு என்ர கடைக்கு முன்னால ரியூசன் சைக்கிள் வரிசையா நிக்கும், பள்ளிக்கூடம் விட்டு வந்து சோறு திண்ட கையோட திருப்பி ரியூசன், ஞாயிற்றுக்கிழமையும் அதே. பின்னேரம் கிரிக்கெட் அடிச்ச வெறுங்காணியள் மதில் கட்டிப் பூட்டிக் கிடக்கு, சொந்தக்காரர் வெளிநாட்டில. பிள்ளைக்கு மிஞ்சினது ரியூசனுக்கும் ரியூசனுக்கும் இடையில இருக்கிற அரை மணித்தியாலமும் ஒரு போனும்தான், சிநேகிதப் பெடியளைக் காணுற இடமும் அந்தக் கேமுக்குள்ளதான். அதுக்குள்ள மற்றப் பெடியளிட்ட இருக்கிற உடுப்புத் தன்னட்ட இல்லை எண்டா அவனுக்கு எப்பிடி இருக்கும்? இதைக் கதைச்சா ரியூசன் வைச்சிருக்கிற ஆக்களும் கோவிப்பினம், தாய்மாரும் கோவிப்பினம். கோவிக்கட்டும்.

சரி, கேள்வியின்ர ரெண்டாவது பாதி. காசு எப்பிடி வரும்? ஒருக்கா விலை குடுத்து வாங்கிறது எனக்கு முதலாவது. அதுக்குப் பிறகு பெரிசா ஒரு புதுப் பகுதி செய்து அதுக்குக் காசு கேட்டாலும் நான் குடுப்பன், அதில வேலை இருக்கு. 2006ல ஒப்ளிவியன் எண்ட கேமில குதிரைக்குப் போடுற கவசத்தை 2.50 டொலருக்கு வித்து ஆக்களிட்டப் பேச்சு வாங்கினாங்கள், ஆனா இப்பத்தைய சக்கரத்தோட பாத்தா அது எவ்வளவோ நேர்மை, 2.50 குடுத்தா கவசம் கையில. ஒன்லைன் கேமுக்கு மாசா மாசம் சேர்வர்ச் செலவு இருக்கு, ஒருக்கா வித்த காசில காலம் முழுக்க ஓட்டேலாது எண்டு சொல்லுவினம், அது சரிதான். அதுக்கு மாசச் சந்தா வைக்கலாம், இல்லாட்டி உடுப்பை நேர விலை போட்டு விக்கலாம். டோட்டா 2 எண்ட கேமில வீரர் எல்லாரும் இனாம், உடுப்புக்குத்தான் காசு, அந்த உடுப்பால ஒருத்தரும் வெல்லுறதில்லை. அதுக்குள்ளயும் பெட்டி திறக்கிற வேலை இருக்கு, அந்தப் பகுதியை நான் நியாயம் எண்டு சொல்ல வரேல்லை. பட்டில் பாஸ் எண்டது, அதாவது காசு கட்டிப்போட்டு ஒரு திகதிக்குள்ள விளையாடிப் பரிசு எடுக்கிற முறை, அரைவாசி சரி. என்ன கிடைக்குமெண்டு முன்னுக்கே காட்டுறாங்கள், ஆனா திகதிக்குள்ள விளையாடி முடிக்காட்டிக் குடுத்த காசும் போச்சு, ஓஎல் சோதினை வைச்சுக்கொண்டு பெடியள் அதுக்காக முழிச்சிருக்கிறாங்கள். காசு குடுத்தவன் வெல்லுவான் எண்ட வகையைப் பற்றிக் கதைக்கவே வேண்டாம். 2017ல ஸ்டார் வோர்ஸ் பட்டில்பிரண்ட் 2 எண்ட கேமில டார்த் வேடர் எண்ட பாத்திரத்தைத் திறக்க 40 மணித்தியாலம் அளவில விளையாடோணும் எண்டு ஆக்களே கணக்குப் போட்டுக் குழப்பம் பண்ண, கேம் வெளிவாறதுக்கு முதல்நாள் காசு வாங்கிறதை நிப்பாட்டி வைச்சாங்கள். ஆக்கள் சேந்து கேட்டா நடக்கும்.

சம்பளம் எடுக்கிற ஒரு பெடியன் தன்ர காசில தனக்குப் பிடிச்ச உடுப்பை வாங்கினா அதில எனக்கு ஒரு குறையும் இல்லை, அப்பிடி வாறவைக்கு நானே சிரிச்சுக்கொண்டு றீலோட் போட்டுவிடுறனான். இதை வாசிச்சிட்டு "எல்லாத்தையும் தடை செய் எண்டு சொல்லுறார்" எண்டு எழுத வேண்டாம்.

உங்கட வீட்டில இப்ப செய்ய வேண்டியது: பிள்ளையின்ர போனில ப்ளே ஸ்டோர் செற்றிங்குக்குப் போய் ஒவ்வொரு முறை வாங்கேக்கயும் பாஸ்வேர்ட் கேக்கிற மாதிரி மாத்துங்கோ, பாஸ்வேர்ட்டை நீங்கள் வைச்சிருங்கோ. வாங்கி 48 மணித்தியாலத்துக்குள்ள எண்டா கூகிளிட்ட றீபண்ட் கேட்டு எழுதலாம், உடன எழுதுங்கோ. பிள்ளைக்கு அடிக்காதேங்கோ. பேப்பரையும் பேனையையும் குடுத்து அவனையே கூட்டச் சொல்லுங்கோ.

கடைசியா, என்ர அக்காவின்ர மகன் கம்பஸில கொம்பியூட்டர் படிக்கிறான், பட்டம் ஏத்திற கேம் ஒண்டு செய்துகொண்டிருக்கிறான், வல்வெட்டித்துறைக் கடற்கரையில தைப்பொங்கலுக்கு ஏத்துவினமே, அந்த மாதிரிப் பெரிய பட்டங்கள். ஸ்பின் வை, அப்பத்தான் காசு வரும் எண்டு அவனுக்கும் ஆரோ சொல்லியிருக்கினம், மருமோன் வந்து என்னட்டக் கேட்டவன். 1993ல டூம் எண்ட கேமை எப்பிடி வித்தவங்கள் எண்டு சொன்னன், முதல் பகுதி இனாம், ஆரும் கொப்பி பண்ணிக் குடுக்கலாம், பிடிச்சா மிச்சத்தைக் காசு குடுத்து வாங்கோணும். அவனும் அப்பிடித்தான் செய்யிறான், முதல் பத்து லெவல் இனாம், மிச்சம் எல்லாத்துக்கும் சேத்து ஒருக்கா 350 ரூபா, அதில 15 வீதம் கூகிளுக்குப் போகும். வைரமும் இல்லை, சக்கரமும் இல்லை. இன்னும் முடியேல்லை, காத்து வீசுற பகுதியில ஏதோ பிழை நிக்குதாம். வெளியில வந்தோடன கொமென்றில லிங்க் போடுறன், பிடிச்சா வாங்குங்கோ.