வேதாகமம், வகுப்பறை, தப்பு மேளம்: சில கேள்விகளும் பதில்களும்

பல்கலைக்கழகத்தில் சமயம் கற்பித்தவள், சபையில் ஹார்மோனியம் வாசிப்பவள் என்பதால் இலங்கை மலையகத்தின் இரண்டு பக்கத்துக் கேள்விகளும் என்னிடம் வந்து சேர்ந்திருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக்கிவிட்டேன். மதமாற்றம் பற்றிச் சண்டை பிடிக்க வந்தவர்களுக்கு மட்டும் இங்கே பதில் இல்லை.

டீச்சர், வேதாகமத்தை ஆராய்ச்சியாகப் படித்தால் விசுவாசம் போய்விடும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். உண்மையா? (மாணவன், ஹட்டன்)

தம்பி, ஆதியாகமம் முதலாம் அதிகாரத்தில் மிருகங்கள் முதலில் வருகின்றன, மனிதன் அதற்குப் பிறகு. இரண்டாம் அதிகாரத்தில் மனிதன் முதலில், மிருகங்கள் அப்புறம். இதைக் கண்டுபிடிக்கப் பேராசிரியர் தேவையில்லை, பக்கத்தைத் திருப்பினால் போதும். மாற்கு சுவிசேஷத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் என்ற கையெழுத்துப் பிரதிகளில் அது 16:8 உடன் நின்றுவிடுகிறது: பெண்கள் கல்லறையிலிருந்து பயந்து ஓடுகிறார்கள், அவ்வளவுதான்; நம் வேதாகமத்தில் அதற்குப் பின் வரும் வசனங்கள் அங்கே இல்லை. இதையெல்லாம் கேட்டுவிட்டு விசுவாசத்தை விட்டவர்களும் என் வகுப்பில் இருந்தார்கள், போதகராகப் போனவர்களும் இருந்தார்கள். ஆகவே உத்தரவாதம் தரமாட்டேன். ஒன்று செய்யுங்கள்: படிப்பதை ஒளித்துவைக்காமல் வீட்டில் சத்தமாக வாசியுங்கள். நம் அம்மாமார் நினைப்பதைவிடக் கெட்டிக்காரர்கள்.

ஆண்டு 10க்குத் திராட்சைத் தோட்ட உவமையைப் படிப்பிக்க வேண்டும். பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். என்ன செய்யலாம்? (ஆசிரியை, மஸ்கெலியா)

தங்கச்சி, மஸ்கெலியாவில் இருந்துகொண்டு இந்த உவமைக்கு உதாரணம் தேடுகிறீர்களா? மத்தேயு 20ஐத் திறவுங்கள். தோட்டத்துச் சொந்தக்காரரான துரை விடியற்காலையில் ஆள் எடுக்கிறார். அப்புறம் மூன்றாம் மணி, ஆறாம் மணி, ஒன்பதாம் மணி. கடைசியில் பதினோராம் மணி, அதாவது நம் கணக்கில் மாலை ஐந்து. பொழுது சாய்ந்ததும் எல்லோருக்கும் ஒரே சம்பளம், அதுவும் கடைசியாக வந்தவர்களிடமிருந்து தொடங்குகிறது. நான் வகுப்பில் கேட்பது ஒன்றுதான்: “இந்தத் துரை யாருக்கு முழுப்பேர் போட்டார், யாருக்கு அரைப்பேர் போட்டார்?” முழுப்பேர் என்றால் முழு நாள் சம்பளம், அரைப்பேர் என்றால் அரை நாள் சம்பளம். அதற்குப் பிறகு கொட்டாவி வராது. பறிக்கச் சொன்ன கிலோ கொழுந்து வராததால் அம்மாவுக்கு அரைப்பேர் விழுந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு, ஒரு மணிநேரம் வேலை செய்தவனுக்கு முழுப்பேர் போடுவது எவ்வளவு பெரிய காரியம் என்று விளக்கவே வேண்டாம். உடனே இரண்டு கட்சியாகிவிடுவார்கள். “அநியாயம் டீச்சர், வெயிலில் நின்றவர்களுக்கு என்ன மரியாதை?” என்று ஒரு பக்கம் எழும்பும். அந்த முறைப்பாடு 12ஆம் வசனத்திலேயே இருக்கிறது, வாசித்துக் காட்டுங்கள்.

பிறகு 7ஆம் வசனத்துக்கு வாருங்கள். ஏன் பகல் முழுவதும் சும்மா நின்றீர்கள் என்று கேட்டால், எங்களை ஒருவரும் வேலைக்கு எடுக்கவில்லை என்கிறார்கள். காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் காத்து நின்று, இன்றைக்கு வேலை இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் அவர்கள். பிரசங்கங்களில் இவர்களைப் ‘பிந்தி வந்தவர்கள்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவது எனக்குப் பிடிக்காது. அவர்கள் பிந்தவில்லை, யாரும் கூப்பிடவில்லை.

யாத்திராகமம் 5ஆம் அதிகாரத்தையும் இப்படியே எடுக்கலாம். வைக்கோல் தரமாட்டோம், செங்கல் கணக்கு மட்டும் குறையக்கூடாது என்கிறான் பார்வோன். கணக்கு வராவிட்டால் அடி விழுவது இஸ்ரவேலருக்குள்ளிருந்தே நியமிக்கப்பட்ட தலைவர்களுக்கு. தோட்டத்தில் நம் ஆட்களுக்குள்ளிருந்தே வேலை வாங்கிய கங்காணி எங்கே நின்றார் என்று தாத்தாமாரிடம் கேட்டு வரச் சொல்லுங்கள்; ஒரு வீட்டிலிருந்து வருவது மற்ற வீட்டுக் கதையாக இருக்காது.

எங்கள் பாடகர் குழு 137ஆம் சங்கீதத்துக்கு மெட்டுப் போட்டது. கடைசி வசனத்தை விட்டுவிடச் சொல்கிறார்கள். விடலாமா? (பண்டாரவளை)

அந்தச் சங்கீதம் எல்லோருக்கும் தெரியும். கி.மு. 586ஆம் ஆண்டளவில் எருசலேம் விழுந்து, மக்கள் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ஆற்றங்கரையில் உட்கார்ந்து அழுகிறார்கள், கின்னரங்களை மரத்தில் தூக்கிவிடுகிறார்கள். பிடித்துப்போனவர்களோ உங்கள் ஊர்ப்பாட்டு ஒன்று பாடுங்கள் என்று கேட்கிறார்கள். இதுவரை பாடுவது சுலபம். கடைசி வசனம் பாபிலோனின் குழந்தைகளைக் கல்லில் மோதுகிறவனைப் பாக்கியவான் என்கிறது. அங்கேதான் குழு இருமத் தொடங்கும்.

மலையகத்தில் இந்தப் பாட்டுக்கு இன்னொரு சுமையும் உண்டு. 1948இல் இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழரான நம் ஆட்களுக்குப் பிரஜாவுரிமை போனது. 1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று ஆட்களைப் பங்கு பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று விட்டார்கள். இந்தியாவுக்குப் போகிறவர்களை ஏற்றித் தலைமன்னார்த் துறைக்குப் போன ரயிலை நம் ஆட்கள் அழுகைக் கோச்சி என்றார்கள். ‘தாயகம் திரும்புகிறீர்கள்’ என்று சொல்லித்தான் ஏற்றினார்கள், ஆனால் ஏறியவர்களில் எத்தனையோ பேர் இந்த மலையில் பிறந்தவர்கள். கூடலூர், கோத்தகிரிப் பக்கம் போய்ச் சேர்ந்த பிறகு அங்கே அவர்களுக்குப் பெயர் சிலோன்காரர். எது சீயோன் (எருசலேம்), எது பாபிலோன்? எந்தப் பக்கம் திரும்பி அழுவது? பிரிந்த அண்ணன் தம்பிகளின் படம் இன்னும் சுவரில் தொங்கும் வீடுகளில் இந்தச் சங்கீதத்தை ஒரு மாதிரி அமைதியாகப் பாடி முடிக்க முடியாது.

என் பதில்: ஆராதனையில் சபை முழுவதும் சேர்ந்து அந்த வசனத்தைப் பாடவேண்டாம். ஆனால் வெட்டியும் விடாதீர்கள். இசையை நிறுத்திவிட்டு ஒருவர் வெறும் குரலில் வாசிக்கட்டும். வாசித்தவுடனே ‘ஆமென்’ வேண்டாம். அந்தக் கோபம் கடவுளின் கட்டளை இல்லை, நொந்தவர்கள் கடவுளிடம் சொன்னது. அப்படிச் சொன்னதையும் அழிக்காமல் வைத்திருக்கிறார்களே, அதனால்தான் எனக்கு அந்தப் புத்தகத்தில் மரியாதை.

சங்கீதங்களின் பழைய மெட்டு எங்காவது கிடைக்குமா?

கிடைக்காது. ‘இராகத்தலைவனுக்கு’, நரம்புக் கருவிகளோடு, இன்ன மெட்டில் என்று தலைப்புக் குறிப்புகள் மட்டும் மிச்சம். ஆகவே தைரியமாக நீங்களே மெட்டுப் போடுங்கள்.

ஆலயத்தில் தப்பு அடிக்கலாமா? பெரியவர்கள் வேண்டாம் என்கிறார்கள். (பதுளை)

150ஆம் சங்கீதம் எக்காளம், தம்புரு, யாழ், குழல், கைத்தாளம் என்று கையில் அகப்பட்டதையெல்லாம் எடுக்கச் சொல்கிறது. வேதாகமத்தில் தடை இல்லை. தடை எங்கே இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்: தப்பு யாருடைய கையில் இருந்தது என்பதில். சாவு வீட்டுக்கு வேண்டும், காமன் கூத்துக்கு வேண்டும், ஆலயத்துக்கு மட்டும் ஆகாது என்றால் அது சாதி. சங்கீத ரசனை என்று அதற்குப் பெயர் மாற்றவேண்டாம்.

“கீர்த்தனை இருக்கிறதே, அது போதாதா?” என்று ஒருவர் கேட்டிருந்தார். கீர்த்தனை எனக்கு உயிர். தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) இல்லாமல் நம் ஞாயிற்றுக்கிழமையே இல்லை. ஆனால் ஆலயத்துக்குள் சாதிப் பிரிவினை ஒழியவேண்டும் என்று புதிதாக வந்த மிஷனரிமார் நின்றபோது, அதை எதிர்த்து எழுதியவரும் அவரேதான். பாட்டு நல்லது என்பதற்காகப் பாட்டுக்காரரின் எல்லா நியாயத்தையும் கூடவே தூக்கிவரத் தேவையில்லை.

செய்முறை ஒன்றும் சொல்கிறேன். மழைக்காலத்தில் தோல் இளகிவிடும். வாசலில் கொஞ்சம் வைக்கோல் கொளுத்தி, தப்பைத் திருப்பித் திருப்பிக் காய்ச்சி, விரலால் சுண்டினால் ‘ணங்’ என்று வரும்வரை காத்திருக்க வேண்டும். ஹார்மோனியத்தை அதற்குப் போட்டியாக இழுக்காதீர்கள், சுருதி மட்டும் பிடியுங்கள். அடிப்பவரை வெளி வாசலில் நிறுத்தாமல் பாடகர் குழுவோடு உட்காரவையுங்கள். இதைச் செய்யமாட்டீர்கள் என்றால் தப்பும் வேண்டாம்.

நான் சைவன். வேதாகமம் படிக்க ஆசை. படித்தால் தப்பா, எங்கே தொடங்குவது? (நுவரெலியா)

ஆறுமுக நாவலரே யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியாரோடு உட்கார்ந்து தமிழ் வேதாகம வேலை பார்த்தவர். அந்தப் பதிப்பு 1850இல் வந்தது. அதற்குப் பிறகும் அவர் நாவலராகத்தான் இருந்தார். ஆகவே பயப்படாமல் படியுங்கள் ஐயா.

ஆதியாகமத்தில் தொடங்கினால் லேவியராகமத்தில் நின்றுவிடுவீர்கள், எல்லோரும் அங்கேதான் நிற்பார்கள். மாற்கில் தொடங்குங்கள். 16 அதிகாரம்தான், ஒரே மூச்சில் முடியும். பழைய மொழிபெயர்ப்பு கரடுமுரடாகத் தெரிந்தால் 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பைத் தேடுங்கள். நானுஓயாவில் கோச்சி ஏறி கண்டி போய்ச் சேருமுன் முடித்துவிடலாம். பஸ்ஸில் மட்டும் வேண்டாம், ரம்பொடை வளைவுகளில் தலை சுற்றும்.