மாட் செய்த கன்சோல் வாங்கலாமா?

சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு கடையில் பழைய பிளேஸ்டேஷன் 3 கேம் கன்சோலை மாட் செய்து, அதாவது நிறுவனம் போட்ட காப்பி தடுப்புப் பூட்டை உடைத்து மாற்றி, ஹார்ட் டிஸ்க் நிறைய கேம் ஏற்றித் தருகிறார்கள், வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மாட் வேறு, திருட்டு கேம் வேறு. காசு கொடுத்து வாங்கிய பெட்டி உங்களுடையது. அதைத் திறந்து நோண்டுவதிலும், சொந்த டிஸ்க்கில் கீறல் விழுவதற்குள் காப்பி எடுத்து வைப்பதிலும் எனக்குத் தப்பு தெரியவில்லை. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் சேர்த்த 65ஏ பிரிவுகூட, உரிமையை மீறும் எண்ணத்தோடு பூட்டை உடைப்பதைத்தான் குற்றம் என்கிறது, இரண்டு வருடம் வரை சிறை. ஆனால் அந்தக் கடைக்காரர் ஏற்றித் தரும் கேம்களில், வருடக்கணக்கில் உட்கார்ந்து செய்தவர்களுக்கு ஒரு பைசா போகாது, இவர் மட்டும் சம்பாதிப்பார். அதை என்னால் ஏற்கவே முடியாது.

விலை அதிகம் என்பது நிஜம்தான். அதற்குப் பழைய டிஸ்க் வாங்குங்கள், நண்பர்களோடு மாற்றிக்கொள்ளுங்கள்.

எனக்கு மனசு இடறுவது வேறு இடத்தில். நின்டெண்டோ நிறுவனம் 2023 மார்ச்சில் தன் பழைய கன்சோல்களான 3டிஎஸ், வீ யூ ஆகியவற்றின் ஆன்லைன் கடைகளில் விற்பனையை நிறுத்தியது. அங்கே மட்டுமே கிடைத்த கேமை இனி காசு நீட்டினாலும் வாங்க முடியாது. அப்படிப்பட்டதை ஒருவர் பாதுகாத்து வைத்தால், சட்டம் என்ன சொன்னாலும், நான் அவரைத் திருடன் என்று சொல்ல மாட்டேன்.

அப்புறம், மாட் செய்த பெட்டியை ஆன்லைனில் இணைத்தால் கன்சோல் நிறுவனம் உங்கள் கணக்கையே முடக்கிவிடலாம், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.