ஹேண்டில்பாரில் ஓர் அம்புக்குறி
வாசகர் கேள்வி – பதில்

வரைபடம் எதுவும் இல்லாமல், அடுத்து எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், அதற்கு இன்னும் எவ்வளவு தூரம் என்பதை மட்டும் காட்டும் வட்டமான சின்னக் கருவிகளைப் பற்றி வந்த கேள்விகள் இவை. 2020-ல் ராயல் என்ஃபீல்டு மீட்டியோர் 350 வண்டியோடு வந்த டிரிப்பர், தனியாக வாங்கி மாட்டிக்கொள்ளும் பீலைன் மோட்டோ போன்றவை இந்த வகை. இரண்டிலும் கணக்குப் போடுவது உங்கள் போன்தான். கருவி அதைக் கண்ணுக்குக் காட்டுகிறது. இதை மனதில் வைத்தால் பாதிக் குழப்பம் தீரும்.

கேள்வி: போர் மோட்டார் ரிப்பேர் வேலைங்க எனக்கு. தினமும் நாலஞ்சு தோட்டத்துக்குப் போகோணும். ஊர்ப்பேரைப் போட்டா வேற ஊருக்குக் கூட்டிட்டுப் போகுது, இல்லீன்னா வாய்க்கா மேட்டுல கொண்டுபோய் நிறுத்துது. மிஷினு கோளாறுங்களா?
– வாசகர், பெருந்துறை

பதில்: கருவி சரியாகத்தான் இருக்கிறது. நம் பக்கம் புதூரும் வலசும் மேட்டுப்பாளையமும் ஒன்றிரண்டா இருக்கின்றன? பெயரை வைத்துத் தேடினால் ஆப் தனக்குத் தெரிந்த ஏதோ ஒரு புதூரைத்தான் எடுக்கும். தோட்டத்து வீடுகளுக்குக் கதவு எண்ணை வைத்துத் தேடியும் பயனில்லை. ஆகவே பெயரை விட்டுவிட்டு, தோட்டக்காரரிடம் வாட்ஸ்அப்பில் லொகேஷன் கேளுங்கள். வீட்டுக்குள் உட்கார்ந்து அனுப்ப வேண்டாம், மோட்டார் ரூமுக்கு வெளியே வானம் தெரியும் இடத்தில் நின்று அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பும் முன் எத்தனை மீட்டர் துல்லியம் என்று அந்தத் திரையிலேயே காட்டும். நூறு, இருநூறு என்று இருந்தால் அரை நிமிடம் பொறுத்தால் பத்துப் பதினைந்துக்கு இறங்கிவிடும். எண்ணாக அனுப்பினால் புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம் வேண்டும். ஐந்தாவது இலக்கம் சுமார் ஒரு மீட்டர். இரண்டே இலக்கம் என்றால் ஒரு கிலோமீட்டர் தள்ளிக்கூட நிற்பீர்கள்.

இனி வாய்க்கால். திசைகாட்டி முறையில் வைத்தால் கருவிக்குச் சாலை தெரியாது. நேர்கோட்டில் எந்தத் திசை, எவ்வளவு தூரம் என்று மட்டும் சொல்லும். 600 மீட்டர் என்று காட்டும். எதிரே தென்னந்தோப்பும் தெரியும். நடுவில் கீழ்பவானி வாய்க்கால் கரை நிறைய ஓடிக்கொண்டிருக்கும். பாலம் ஒன்றரைக் கிலோமீட்டர் மேலே இருக்கலாம், கீழே இருக்கலாம். அம்பை நம்பிக் கரையிலேயே போகாதீர்கள். தண்ணீர் விட்டிருக்கும் நாளில் கரை மண் ஊறிப்போய் முன் சக்கரம் வழுக்கும். டூல் பெட்டியோடு வண்டி சாய்ந்தால் தனி ஆளாகத் தூக்க முடியாது.

இப்படிச் செய்து பாருங்கள். தோட்டத்தைக் கடைசி இடமாகவும், அதற்கான பாலத்தை இடை நிறுத்தமாகவும் வைத்து, சாலை முறையில் (சாலை வழியே திருப்பங்களைச் சொல்லும் முறை) பாலம் வரை போங்கள். பாலம் தாண்டி இட்டேரிக்குள் (தோட்டங்களுக்கு இடையே போகும் மண்பாதை) நுழைந்ததும் திசைகாட்டி முறைக்கு மாற்றுங்கள். கிளுவை வேலிக்கு நடுவே ஓடும் இட்டேரி பலவும் வரைபடத்தில் கிடையாது. அங்கே சாலை முறையில் இருந்தால் ஆப் திரும்பு திரும்பு என்று பின்னால் இழுக்கும். முதல் தடவை போய்ச் சேர்ந்ததும் மூன்று புள்ளிகளைச் சேமித்துவிடுங்கள்: பாலம், இட்டேரி பிரியும் இடம், தோட்டத்துப் படல். பெயரோடு மோட்டார் விவரத்தையும், '7.5 எச்.பி., 600 அடி' என்று சேர்த்து எழுதி வைத்தால் அடுத்த முறை எந்தக் கயிறு, எந்த ஸ்பேனர் என்று கிளம்பும்போதே தெரிந்துவிடும்.

கேள்வி: கிளம்பிப் பத்து நிமிடத்தில் அம்பு உறைந்து நின்றுவிடுகிறது. போனை எடுத்துத் திறந்தால் ஓடுகிறது.
– வாசகர், சிங்காநல்லூர்

பதில்: போனைத் திறந்தால் ஓடுகிறது என்று நீங்களே காரணத்தைச் சொல்லிவிட்டீர்கள். திரை அணைந்ததும் பேட்டரியை மிச்சம்பிடிக்க ஆண்ட்ராய்டு போன் கருவியின் ஆப்பைத் தூங்க வைத்துவிடுகிறது. செட்டிங்ஸில் அந்த ஆப்பைத் தேடி, பேட்டரி என்ற இடத்தில் 'அன்ரெஸ்ட்ரிக்டட்' ஆக்குங்கள். லொகேஷன் அனுமதியில் 'எப்போதும்' இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள், துல்லிய லொகேஷனையும் போடுங்கள். போனின் பவர் சேவரைப் பயணத்தின்போது அணைத்து வையுங்கள். அது இருந்தால் மேலே சொன்னதெல்லாம் வீணாகப் போகலாம்.

சரியாகிவிட்டதா என்று பார்க்க வண்டியை எடுக்க வேண்டியதில்லை. வழியைப் போட்டு, போனைப் பூட்டிச் சட்டைப் பையில் வைத்து, கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் தெருவைச் சுற்றி நடங்கள். மீட்டர் எண் மாறிக்கொண்டே இருந்தால் சரி. எண் மாறாமல் நின்றால் இன்னும் போன்தான் தூங்குகிறது. 'இணைப்பு இல்லை' என்று வந்தால் புளூடூத் கோளாறு: பழைய இணைப்பைப் போனிலும் கருவியிலும் அழித்துவிட்டு, புளூடூத் பட்டியலுக்குப் போகாமல் அந்த ஆப்புக்குள்ளிருந்தே புதிதாக இணையுங்கள். போனைச் சீட்டுக்கு அடியிலோ இரும்புப் பெட்டியிலோ போட்டால் புளூடூத்தும் ஜி.பி.எஸ்.ஸும் சேர்ந்து அடிபடும். மேல்சட்டைப் பைதான் நல்ல இடம்.

கேள்வி: அவிநாசி ரோட்டில் புது மேம்பாலத்துக்கு மேலே போகும்போது கீழே இருப்பதுபோல் திரும்பச் சொல்கிறதே?
– வாசகர், கோவை

பதில்: திறந்த வெளியிலேயே போனின் ஜி.பி.எஸ். சுமார் ஐந்து மீட்டர் முன்னே பின்னே இருக்கும். உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டருக்கு மேல்சாலையும் கீழ்ச்சாலையும் ஒன்றின்மேல் ஒன்றாகவே போகின்றன. எதில் இருக்கிறீர்கள் என்பது ஆப்புக்குக் குழப்பம்தான். பாலத்துக்கு அடியில் போனால் வானமே மறைந்து, பிழை இன்னும் கூடும். அம்புக்குறிக் கருவியில் இதைக் கண்டுபிடிக்க வரைபடமும் இல்லை. ஏறுதளத்துக்கு 300 மீட்டர் முன்பே மேலேயா கீழேயா என்று நீங்கள் முடிவு செய்துவிடுங்கள். அங்கே அம்பைப் பார்க்காதீர்கள், பச்சைப் பலகையைப் பாருங்கள். மேலே ஏறிய பிறகு 'இடது' என்று வந்தால், இறங்குதளம் கண்ணில் படாதவரை நேராகவே போங்கள்.

கேள்வி: வால்பாறைக்குப் போகிறோம். சிக்னல் இல்லாத இடத்தில் வேலை செய்யுமா? நாற்பது வளைவுக்கும் அம்பு காட்டுமா?
– வாசகர், உடுமலை

பதில்: ஜி.பி.எஸ்.ஸுக்கு மொபைல் சிக்னல் வேண்டாம். புது வழி போடத்தான் இணையம் வேண்டும். பொள்ளாச்சியிலேயே வழியைப் போட்டுவிட்டு, டீ குடிக்க நிற்கும்போது 'முடி' பொத்தானை அழுத்தாமல் விடுங்கள். அழுத்திவிட்டால் மலைமேல் மறுபடி போட முடியாமல் போகலாம். கூகுள் மேப்பில் ஆஃப்லைன் வரைபடம் இறக்கி வைப்பதும் நல்லதே, ஆனால் அது கூகுள் மேப்புக்குத்தான். கருவியின் ஆப்புக்கு உதவும் என்று எண்ண வேண்டாம்.

கொண்டை ஊசி வளைவு சந்திப்பு அல்ல, அதே சாலை வளைகிறது. எனவே ஆழியாறு தாண்டிய பிறகு கருவி வெகுதூரம் 'நேரே' என்றே இருக்கும். அதைக் கோளாறு என்று நினைத்துப் போனை நோண்டாதீர்கள். திசைகாட்டி முறையில் வைத்திருந்தாலோ ஒவ்வொரு வளைவிலும் அம்பு அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் ஆடும். மலையில் அந்த முறையே வேண்டாம். திம்பத்துக்கும் கொல்லிமலைக்கும் இதேதான்.

கேள்வி: கருவியே எதற்கு? போனையே மாட்டினால் போதாதா?
– வாசகர், நாமக்கல்

பதில்: சட்டப்படி தடையில்லை. கவனம் சிதறாதபடி வழி பார்க்க மட்டும் போனைப் பயன்படுத்தலாம் என்று 2020 அக்டோபர் முதல் மோட்டார் வாகன விதியில் இருக்கிறது. ஆனால் பெரிய இன்ஜின் பைக்கின் அதிர்வு ஐபோன் கேமராவின் நடுக்கம் தடுக்கும் பாகத்தைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-ல் எச்சரித்தது. அந்த வகைக் கேமரா மற்ற போன்களிலும் உண்டு. சித்திரை வெயிலில் போன் சூடேறித் திரை மங்குவது தனி.

கேள்வி: ஸ்கூட்டரில் ஹேண்டில்பார் மூடியிருக்கிறதுங்க. எங்கே மாட்டுவது? மழையில் தாங்குமா?
– வாசகி, திருப்பூர்

பதில்: இடப்பக்கக் கண்ணாடித் தண்டில் மாட்டுங்கள், வலக்கை ஆக்ஸிலரேட்டரில் இருப்பதால் இடப்பக்கம்தான் தொட வசதி. சாதாரண கிளாம்ப் 22 மில்லிமீட்டர் ஹேண்டில்பாருக்கு அளவெடுத்தது, கண்ணாடித் தண்டு அதில் பாதிகூட இருக்காது. பழைய சைக்கிள் டியூபை இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி, இறுக்கமாக நாலைந்து சுற்றுச் சுற்றி, அதன்மேல் கிளாம்பைப் போட்டு ஆலன் கீயால் முடுக்குங்கள். கையால் திருகினால் அசையக் கூடாது. கண்ணாடியில் பின்னால் வருவது மறைகிறதா என்று உட்கார்ந்து பார்த்துவிட்டுக் கடைசி முடுக்கு முடுக்குங்கள்.

ஐ.பி. 67 என்று போட்டிருந்தால் ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். மழைக்குத் தாராளம். வாட்டர் சர்வீஸ் பம்பின் அழுத்தம் அந்தக் கணக்கில் வராது, அதனால் சர்வீஸுக்கு விடும்போது கருவியைக் கழற்றி வாங்கிக்கொள்ளுங்கள். சார்ஜ் போடும் துளையின் ரப்பர் மூடியை மழையில் திறக்காதீர்கள். வீட்டிலேயே சார்ஜ் போட்டால் போதும். போனுக்காக வண்டியில் யு.எஸ்.பி. வைப்பதாக இருந்தால், சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் லைனிலிருந்து 2 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். பேட்டரியிலிருந்து நேராக எடுத்தால் வண்டி நிற்கும்போதும் கரண்ட் கசிந்து, பத்து நாள் எடுக்காமல் விட்டால் செல்ஃப் அடிக்காமல் போகலாம்.