யூ.எஸ். நியூஸ் பட்டியலில் முன்னால் இருக்கும் சட்டக் கல்லூரி என்றால் பேராசிரியர்களும் முதல் தரமா?

மகளை எல்எல்எம் (சட்ட முதுகலை) படிக்க அமெரிக்கா அனுப்புகிறீர்கள், யூ.எஸ். நியூஸ் நிறுவனம் வருடாவருடம் போடும் சட்டக் கல்லூரிப் பட்டியலில் 9-ஆம் இடத்துக் கல்லூரியும் 34-ஆம் இடத்துக் கல்லூரியும் சேர்க்கை கொடுத்திருக்கின்றன, "நல்ல ஆசிரியர் எங்கே இருக்கிறாரோ அங்கே போகட்டும்" என்று நினைக்கிறீர்கள். உங்கள் கேள்வியை நான் அப்படித்தான் புரிந்துகொண்டேன். பதில்: அந்த எண்ணை வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது. முதல் காரணம், அது எல்எல்எம் பட்டியலே அல்ல. அமெரிக்காவில் வழக்கறிஞராகப் படிக்கும் மூன்று வருட ஜேடி படிப்புக்கானது. உங்கள் மகளின் மதிப்பெண்ணோ, பிறகு அவருக்குக் கிடைக்கும் வேலையோ அதில் துளியும் சேராது.

கணக்கைப் பிரித்துப் பாருங்கள். 2023-இல் மாற்றிய முறைப்படி, படித்து முடித்து 10 மாதத்தில் வேலையில் இருப்பவர்களுக்கு 33 சதவீதம். பார் தேர்வில் (வழக்கறிஞர் உரிமத் தேர்வு) முதல் முயற்சியிலேயே தேறியவர்களுக்கு 18, இரண்டு வருடத்துக்குள் தேறியவர்களுக்கு 7. எல்சாட் நுழைவுத் தேர்வுக்கு 5, ஜிபிஏ-வுக்கு (இளங்கலை மதிப்பெண் சராசரி) 4, சேர்க்கை விகிதம் 1, நூலகம் 2. ஆசிரியர்–மாணவர் விகிதத்துக்கு 5; அது வெறும் தலைக்கணக்கு, யார் பாடம் எடுக்கிறார் என்று பார்க்காது. மீதி 25 சதவீதம் பெயர், புகழ்: பாதி சட்டக் கல்லூரிக்காரர்களிடம் கேட்பது, பாதி வழக்கறிஞர்கள், நீதிபதிகளிடம் கேட்பது. ஆசிரியர் தரம் எங்காவது ஒளிந்திருந்தால் இந்தக் கடைசிப் பங்கில்தான்.

அதை எப்படி எடுக்கிறார்கள்? ஒவ்வொரு கல்லூரியிலும் நான்கு பேருக்குப் படிவம் போகிறது: டீன், கல்விப் பொறுப்பில் இருக்கும் துணை டீன், ஆசிரியர் தேர்வுக் குழுத் தலைவர், கடைசியாக டென்யூர் (நிரந்தரப் பணி உறுதி) வாங்கியவர். அதில் 190-க்கும் மேற்பட்ட கல்லூரிகளின் பெயர். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண், இல்லையென்றால் 'தெரியாது'. தன் துறையில் பத்து இருபது கல்லூரி ஆட்களை ஒருவருக்கு உண்மையாகவே தெரிந்திருக்கலாம். மற்றதற்கு எதை வைத்துப் போடுவார்? போன வருடப் பட்டியலை வைத்துத்தான். அது இந்த வருட மதிப்பெண்ணாகி மறுபடி பட்டியலுக்குள் போகிறது. படிவம் வரும் பருவத்தில் கல்லூரிகள் ஒன்றுக்கொன்று பளபளப்பான புத்தகங்களைத் தபாலில் அனுப்பிக்கொள்வதும் இதற்காகத்தான்.

2022 நவம்பர் 16 அன்று யேல் சட்டக் கல்லூரியின் அப்போதைய டீன் ஹெதர் கெர்கன் "இனி பட்டியலுக்குத் தகவல் தரமாட்டோம்" என்றார். ஹார்வர்டும் அன்றே சொன்னது, பிறகு பல கல்லூரிகள் சேர்ந்துகொண்டன. பலர் இதைப் பட்டியலின் சாவு என்று எழுதினார்கள். பட்டியல் சாகவில்லை. அமெரிக்க பார் சங்கம் வெளியிடும் பொதுத் தரவை எடுத்துக்கொண்டு, எடைகளை மாற்றி, விலகியவர்களையும் சேர்த்தே போட்டார்கள். அதற்கு முன் புகழுக்கு 40 சதவீதம் (கல்லூரிக்காரர்கள் 25, வழக்கறிஞர்களும் நீதிபதிகளும் 15). சண்டைக்குப் பிறகு பட்டியல் வேலையையும் தேர்ச்சியையும் நோக்கி நகர்ந்ததே தவிர, ஆசிரியர்களை நோக்கி அல்ல.

எல்சாட்டில் பார்ப்பது நடு மதிப்பை மட்டும். 201 பேர் வகுப்பில் 101-ஆவது ஆள் 170 எடுத்திருந்தால் போதும். அவருக்குக் கீழே இருப்பவர்கள் 169 எடுத்தாலும் 158 எடுத்தாலும் ஒன்றுதான். ஆகவே உதவித்தொகை அந்த நடுவைத் தூக்கும் ஜேடி மாணவர்களைத் தேடிப் போகிறது. எல்எல்எம் மாணவர் நடுவைத் தூக்கமாட்டார், கட்டணம் மட்டும் கட்டுவார். உதவித்தொகை கிடைக்கவில்லையே என்று மகள் வருத்தப்பட்டால் இதைச் சொல்லுங்கள்.

சரி, ஆசிரியர்களை எப்படித்தான் எடுக்கிறார்கள்? பெருந்தொற்றுக்கு முன்புவரை வாஷிங்டனில் ஒரு ஹோட்டலில், அறைக்கு அறை ஓடி, ஒவ்வொன்றிலும் இருபது முப்பது நிமிட நேர்காணல். 'இறைச்சிச் சந்தை' என்று அவர்களே கிண்டல் செய்வார்கள். இப்போது ஜூமில். அதைத் தாண்டினால் கல்லூரிக்கு அழைத்து, தன் கட்டுரையைப் பற்றிப் பேசச் சொல்லிக் குடைவார்கள், பிறகு ஆசிரியர்கள் ஓட்டுப் போடுவார்கள். கவனியுங்கள், பேசுவது கட்டுரையைப் பற்றி. வகுப்பு எடுத்துக் காட்டச் சொல்வது அரிது.

அந்தக் கட்டுரை வெளிவரும் சட்ட இதழ்களில் பெரும்பாலானவற்றை நடத்துவது மாணவர்கள். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் ஒரே கட்டுரையைப் பல இதழ்களுக்கு ஒரே சமயத்தில் அனுப்பலாம். சின்ன இதழ் ஒன்று 'சரி' என்றதும், அதைக் காட்டிப் பெரிய இதழிடம் "சீக்கிரம் படித்துச் சொல்லுங்கள்" என்று கேட்பார்கள். இப்படியே படிப்படியாக ஏறுவார்கள். மருத்துவத்திலும் பொறியியலிலும் இருப்பவர்களுக்கு இது நம்ப முடியாததாக இருக்கும்.

ஒருவர் கட்டுரையை மற்றவர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்ற எண்ணிக்கை, புகழ் மதிப்பெண்ணைவிட நேர்மையானது என்பார்கள். சட்டப் பேராசிரியர் கிரெகரி சிஸ்க்கின் குழு மூன்று வருடத்துக்கு ஒருமுறை செய்வது அதுதான்: டென்யூர் பெற்றவர்களுக்குச் சட்ட இதழ்களில் ஐந்து வருடத்தில் கிடைத்த மேற்கோள்கள், சராசரியின் இரு மடங்கோடு நடு மதிப்பைக் கூட்டுவார்கள். எனக்கு இது பரவாயில்லை, ஆனால் அரசியல் சட்டம் எழுதுபவருக்குக் கிடைக்கும் மேற்கோள் வரிச் சட்டக்காரருக்குக் கிடைக்காது, ஒரு நட்சத்திரம் இடம் மாறினால் சராசரியும் கூடவே கிளம்பிவிடும். யூ.எஸ். நியூஸும் 2019-இல் இப்படி ஒரு பட்டியல் அறிவித்து, 2021-இல் கைவிட்டது.

கமெண்டில் சண்டைக்கு வருமுன்: பெயருக்கு மதிப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. இந்தியாவுக்குத் திரும்பி வேலை தேடினால் ஹார்வர்ட், கொலம்பியா என்ற சொல் கதவைத் திறக்கும். ஆனால் 9-க்கும் 34-க்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தை லேமினேட் செய்து காட்டி, கல்லூரியிடமும் கமிஷன் வாங்கி உங்களிடமும் வாங்கும் கன்சல்டன்சிகளை நம்பாதீர்கள். அது எந்தப் படிப்புக்கான பட்டியல் என்பதே அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

மகளின் பாடம் எது என்று முதலில் கேளுங்கள். வரிச் சட்டம் என்றால் என்.ஒய்.யூ. (நியூயார்க் பல்கலைக்கழகம்) பெயர் தானாக வரும். சுற்றுச்சூழல் என்றால், ஒட்டுமொத்தப் பட்டியலில் நூறுக்கும் கீழே கிடக்கும் வெர்மான்ட் சட்டக் கல்லூரி, அந்தத் துறைப் பட்டியலில் உச்சியில் இருந்து வந்திருக்கிறது. பிறகு கடந்த இரண்டு வருடப் பாட அட்டவணையை எடுத்து, இணையப் பக்கத்தில் படம் போட்டிருக்கும் பேராசிரியர் உண்மையில் வகுப்பு எடுத்தாரா, விடுப்பில் இருந்தாரா, வருகைப் பேராசிரியரா என்று பாருங்கள். அவருடைய ஒரு கட்டுரையை எஸ்எஸ்ஆர்என் என்ற ஆய்வுக் கட்டுரை இணையதளத்தில் இலவசமாக இறக்கி மகள் படிக்கட்டும். கடைசியாக எல்எல்எம் அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல்: இந்த செமினாரில் எல்எல்எம் மாணவருக்கு எத்தனை இடம், கிளினிக்கில் (உண்மையான வழக்குகளில் பயிற்சி) சேர்ப்பீர்களா, வரும் கல்வியாண்டில் இவர் விடுப்பில் போகிறாரா. டெபாசிட் கட்டுவதற்கு முன்னால் அனுப்புங்கள். கட்டிய பணம் பெரும்பாலும் திரும்பி வராது.