ஓவர்க்ளாக் பண்ண எந்த பிராசஸர்?

கேள்வி: கம்மி பட்ஜெட்ல நானே ஒரு பிசி அசெம்பிள் பண்றேங்க. ஓவர்க்ளாக் (கம்பெனி வெச்ச வேகத்துக்கு மேல ஓட்டறது) பண்ற மாதிரி எந்த பிராசஸர் வாங்கலாம்? (வாசகர், கொழிஞ்சாம்பாறை)

பதில்: இன்டெல்ல ஓவர்க்ளாக் பண்ணணும்னா பேர் கடைசியில கே எழுத்து இருக்கற சிப்பு வேணும், அதுக்கு இசட் சீரிஸ் மதர்போர்டும் வேணும், ரெண்டும் விலை ஜாஸ்தி, அதனால உங்களுக்கு ஏஎம்டியோட ரைசன் 5 5600 தாங்க சரி. 6 கோர், 65 வாட், வேகத்த ஏத்த லாக் கிடையாது, கூலரும் பெட்டிக்குள்ளயே வரும். ஆனா இதுல கிராபிக்ஸ் இல்ல, தனி கார்டு வாங்கியே ஆகணும்.

போர்டுல மட்டும் ஏமாந்துறாதீங்க. பி450 இல்லேன்னா பி550 வாங்குங்க. நான் ஒருதடவ கடைக்காரர் பேச்சை நம்பி ஏ520 வாங்கிட்டு வந்து பயாஸ்குள்ள (போர்டோட செட்டிங்ஸ் பக்கம்) ராத்திரி பூரா தேடுனேன், மல்டிப்ளையர (சிப்போட வேகத்த முடிவு பண்ற எண்) ஏத்தற ஆப்ஷனே இல்ல, அந்த போர்டோட சிப்செட்ல அது கெடையவே கெடையாதுன்னு அப்புறந்தான் தெரிஞ்சுது.

அப்புறம் நம்ம பாலக்காட்டுப் பக்கம் வெயில். மார்ச், ஏப்ரல்ல 40 டிகிரி வரைக்கும் போகுது, கூடவே வர்ற சின்ன கூலர் ஓவர்க்ளாக்குக்குத் தாங்காதுங்க. போன கோடைல என் கூலரக் கழட்டிப் பாத்தா தெர்மல் பேஸ்ட் (சிப்புக்கும் கூலருக்கும் நடுவுல பூசற பசை) காஞ்ச கோலமாவு மாதிரி உதிருது! டவர் கூலருக்குக் கொஞ்சம் காசு ஒதுக்குங்க. இந்த சிப்பு தானாவே 4.4 கிகாஹெர்ட்ஸ் வரைக்கும் போகும், கையால ஏத்துனா மேல கெடைக்கறது கொஞ்சந்தான், அதுக்கு முன்னாடி ரேமுக்கு எக்ஸ்எம்பி (ரேம அதோட முழு வேகத்துல ஓட்டற செட்டிங்) ஆன் பண்ணுங்க. ஓவர்க்ளாக்கால சிப்பு போச்சுன்னா வாரன்ட்டி கெடைக்காது, வோல்டேஜ துளித்துளியா ஏத்துங்க.