மலாவில பாடம் எடுத்த டீச்சர்கிட்ட கேளுங்க: ஒடிஞ்ச காலும் மலேரியாவுமா மிஷன் வேலை

நான் களியக்காவிளைக்காரி. சபை அனுப்பி ஆப்பிரிக்காவுல மலாவி நாட்டுல ஒரு மிஷன் ஸ்கூல்ல கணக்கு எடுத்தேன். அங்க பைக் டாக்ஸி கவுந்து கால் ஒடிஞ்சு பிளேட் வெச்சாங்க, அது ஆறுறதுக்குள்ள மலேரியாவும் வந்துது. நான் டாக்டர் இல்ல, மருந்து அளவு கேக்காதீங்க, மத்ததெல்லாம் கேளுங்க மக்களே.

கேள்வி (குழித்துறை): அக்கா, கால்ல பிளேட் வெச்சு இப்பதான் நடக்கத் தொடங்கிருக்கேன். சாம்பியாவுல டீச்சர் வேலைக்கு கூப்பிடுதாங்க. நின்னு பாடம் எடுக்க முடியுமா?

பதில்: நிக்கிறதை விடுங்க தங்கச்சி, முதல்ல கக்கூஸைப் பத்தி யோசிங்க. கிராமத்து ஸ்கூல்ல பெரும்பாலும் குழிக் கக்கூஸ்தான், முழங்கால் மடங்காம குத்தவெக்க முடியாது. நடுவுல ஓட்டை போட்ட மர ஸ்டூல் ஒண்ணு ஆசாரிகிட்ட சொல்லி செஞ்சு வைக்கச் சொல்லி இப்பவே ஸ்கூலுக்கு எழுதுங்க, வெக்கப்படாதீங்க. ஊன்றுகோல்ல எடையை கையில தாங்கணும், கக்கத்துல தொங்கினா நரம்பு அமுங்கி கை மரத்துப் போகும். அடி ரப்பர் கூடுதலா வாங்கிட்டுப் போங்க, நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் மழை, செம்மண்ணு வழுக்கும். பாடம் நான் நாற்காலியில இருந்துதான் எடுத்தேன். போர்டுல மேல் பாதி எட்டாது, அதனால ஒரு பிள்ளையை நிறுத்தி நான் சொல்லச் சொல்ல எழுத வெப்பேன், அவ மைனஸை விட்டா கிளாஸே சத்தம் போடும், ஏன் தப்புன்னு அவளே விளக்கிட்டுத்தான் போய் உக்காரணும். பிள்ளைங்க அப்படி நல்லா படிச்சாங்க, கால் சரியான பிறகும் நான் அந்த முறையை விடல்ல. ஃப்ளைட் டிக்கெட் போடுறதுக்கு முன்ன சர்ஜன்கிட்ட கேளுங்க, கால் ஆபரேஷன் முடிஞ்ச கொஞ்ச நாள்ல மணிக்கணக்கா அசையாம உக்காந்தா ரத்தம் கட்டிப்போற ஆபத்து உண்டு. டிஸ்சார்ஜ் சம்மரியை அனுப்புற சபைக்கும் காட்டுங்க, அங்க உள்ள ஸ்கூலுக்கும் காட்டுங்க. மறைக்காதீங்க.

கேள்வி: சம்பளம் எவ்வளவு வரும்?

பதில்: சபைக்கு சபை மாறும். அனுப்புறவங்ககிட்ட கேளுங்க.

கேள்வி (பாறசாலை): டீச்சர், ஆப்பிரிக்காவுல இருந்து வந்த சித்தப்பாவுக்கு நாலு நாளா காய்ச்சல். எலிப்பனியா (எலிக்காய்ச்சல்) இருக்கும்னு வீட்டுல சொல்லுதாங்க. மலேரியா ஒருக்கா வந்தா திரும்பத் திரும்ப வருமா?

பதில்: தம்பி, இதை வாசிச்சதும் அவரைக் கூட்டிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க, வாசல்லயே ஆப்பிரிக்கால இருந்து வந்தவர்னு சொல்லுங்க. சொல்லலேன்னா நம்ம பக்கத்துல எலிக்காய்ச்சல், டெங்குன்னுதான் முதல்ல பாப்பாங்க. ஆப்பிரிக்காவுல கூடுதலும் ஃபால்சிபாரம்ங்கிற மலேரியா வகைதான், அது மூளை வரைக்கும் போகும், ஊர் திரும்பி வாரக்கணக்கு கழிச்சும் தலை காட்டும். அது ஈரல்ல பதுங்கி இருக்காது, திரும்ப வந்தா ஒண்ணு மருந்து முழுசா வேலை செய்யல்ல, இல்லன்னா புதுசா கொசு கடிச்சிருக்கு. பதுங்குறது வைவாக்ஸ்ங்கிற வகை, நம்ம நாட்டுலயும் பப்புவா நியூ கினியிலயும் அதிகம். அதை வேரோட எடுக்க பிரிமாகுவின் மாத்திரை, 14 நாள் கோர்ஸ். அதுக்கு முன்ன ஜி6பிடிங்கிற என்சைம் குறைவா இருக்கான்னு ரத்த டெஸ்ட் எடுக்கணும், அந்தக் குறை உள்ளவங்களுக்கு இந்த மாத்திரையால ரத்த அணு உடையும். காய்ச்சல் விட்டாச்சுன்னு மாத்திரையை பாதியில நிறுத்தாதீங்க, கேட்டியளா.

கேள்வி: ஒடிஞ்ச கால்ல வர்ம ஆசான்கிட்ட எண்ணெய்க்கட்டு போடலாமா?

பதில்: எலும்பு சேந்து, தையல் ஆறி, சர்ஜன் சரின்னு சொன்ன பிறகு தசைக்குத் தடவலாம். புது முறிவுல வேண்டாம்.

கேள்வி: டூரிஸ்ட் விசால போயி அங்க மாத்திக்கலாமா? சம்பளம் எவ்வளவு?

பதில்: கூடாது. வேலை பெர்மிட் கைக்கு வந்த பிறகு போங்க. சம்பளம் மேல சொல்லியாச்சு.

கேள்வி (ஒரு பிரதர்): விசுவாசம் இருக்கிற மிஷனரிக்கு மாத்திரை எதுக்கு? அந்தக் காலத்துல எல்லாத்தையும் கர்த்தர்கிட்ட விட்டுட்டுதானே போனாங்க.

பதில்: அப்படிப் போகல்ல பிரதர். ஆப்பிரிக்காவுக்குப் போன மிஷனரி லிவிங்ஸ்டனை 1844ல சிங்கம் கடிச்சு இடது கை எலும்பு நொறுங்கிச்சு, அது கடைசி வரைக்கும் ஒழுங்கா சேரல்ல, அவர் இறந்து உடம்பு இங்கிலாந்து போனப்ப அந்தக் கையை வெச்சுதான் அடையாளம் கண்டாங்க. அவரே குயினைன்ங்கிற மலேரியா மருந்து சேத்து மாத்திரை உருட்டி தானும் தின்னு கூட உள்ளவங்களுக்கும் கொடுத்தாரு. அப்படியிருந்தும் 1862ல மனைவி மேரியை காய்ச்சலுக்குக் கொடுத்தாரு. நம்ம ஊரையே பாருங்க, மயிலாடிக்கு வந்த மிஷனரி ரிங்கல்தௌபே உடம்பு கெட்டுத்தான் 1816ல கிளம்பினாரு. நெய்யூர்ல மிஷன் வைத்தியம் தொடங்குனது 1838ல. மருந்து விசுவாசத்துக்கு எதிரின்னா அந்த ஆஸ்பத்திரி எதுக்கு?

கேள்வி (அதே பிரதர்): அப்போ ஜெபம் வேண்டாமா? பவுல் ஓய்வெடுத்தாரா?

பதில்: ஜெபம் வேண்டாம்னு யாரு சொன்னா? ரெண்டாம் தீமோத்தேயு 4:20 எடுத்துப் பாருங்க, துரோப்பீமு வியாதியா இருந்தப்ப பவுல் அவனை மிலேத்துலயே விட்டுட்டுப் போறாரு. அவனுக்கு விசுவாசம் இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லல்ல. இந்த மாதிரி பேச்சைக் கேட்டுத்தான் நம்ம பிள்ளைங்க காய்ச்சலை மறைச்சுட்டு கிளாஸ் எடுக்குதாங்க, படுத்தா சாட்சி கெட்டுப்போகும்னு பயப்படுதாங்க. டீச்சர் செத்துப்போனா அந்த வருஷம் பரீட்சை எழுதுற பிள்ளைங்களுக்கு யாரு பதில் சொல்லுவா? இதுக்கு மேல இங்க வாதம் வேண்டாம் பிரதர், வீட்டுக்கு வாங்க, பேசலாம்.

கேள்வி: எனக்கு மஞ்சக்காமாலை வந்து போச்சு, மஞ்சள் காய்ச்சல் ஊசி வேணுமா?

பதில்: ரெண்டும் வேற வேற நோய். விதி நாட்டுக்கு நாடு மாறும், நடுவுல இறங்குற நாட்டையும் பாக்கணும். கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்ல போடுவாங்க, பயணத்துக்கு 10 நாள் முன்ன போட்டிருக்கணும். 2016ல இருந்து ஒரு ஊசி சர்டிபிகேட் ஆயுசுக்கும் செல்லும்.

கேள்வி (செங்கோட்டை): டிபி மருந்து மூணாவது மாசம் ஓடுது. சளியில கிருமி இல்லன்னு வந்துட்டுது. ஜூன்ல போலாமா?

பதில்: ஆறு மாசக் கோர்ஸ் முடியாம டிக்கெட் போடாதீங்க தம்பி. ஜூன்ல சேர முடியாது, கோர்ஸ் முடிச்சு டாக்டர் சரின்னதும் வாறேன்னு காரணத்தோட ஸ்கூலுக்கு இன்னைக்கே எழுதுங்க. எழுதத் தெரியலேன்னா எனக்கு அனுப்புங்க, நான் திருத்தித் தாரேன்.